சினைப்பைக் கார்சினோமா எந்த வகை? கிராஸிங் மேசை முதல் ரிப்போர்ட் வரை

‘சினைப்பை அடினோகார்சினோமா’ என்று ஒற்றை வரியில் முடியும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இன்றைக்குப் புற்றுநோய் மருத்துவர் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது. ஹை கிரேடு சீரஸ் என்றால் பிளாட்டினம் மருந்துக்குக் கட்டி நன்றாகக் கரையும். பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பார்ப் தடுப்பான் மருந்துக்கு வாய்ப்பு உண்டு. லோ கிரேடு சீரஸ் அதே கீமோவுக்கு அசைந்துகொடுப்பது குறைவு. ஹார்மோன் சிகிச்சைக்கு அங்கே இடம் இருக்கிறது. கிளியர் செல்லும் மியூசினஸும் முற்றிய நிலையில் பிளாட்டினத்துக்கு மோசமாகவே பதில் தரும். எண்டோமெட்ரியாய்டு என்றால் லிஞ்ச் சிண்ட்ரோம் (பரம்பரையாக வரும் புற்றுநோய்க் குறைபாடு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே உறுப்பில் வருகிறதே தவிர, இவை ஐந்தும் வெவ்வேறு நோய்கள்.

எண்ணிக்கையில் ஹை கிரேடு சீரஸே கிட்டத்தட்ட 70 சதவீதம். எண்டோமெட்ரியாய்டும் கிளியர் செல்லும் தலா 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஜப்பானில் கிளியர் செல்லின் பங்கு இதைவிடக் கூடுதல். மியூசினஸ் 3 முதல் 4 சதவீதம், லோ கிரேடு சீரஸ் 5 சதவீதத்துக்கும் கீழே. மைக்ராஸ்கோப்பில் ஒரு வகையின் பெயர் மனதில் தோன்றும்போது இந்தக் கணக்கையும் கூடவே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லேபில் மியூசினஸ் கார்சினோமா மாதம் நான்கைந்து ‘வருகிறது’ என்றால், அதில் பாதியாவது வேறெங்கிருந்தோ பரவி வந்ததாக இருக்கும்.

கிராஸிங் மேசையில்

கிராஸிங் என்பது அறுவையில் எடுத்த கட்டியைக் கண்ணால் பார்த்து, அளந்து, துண்டு போடும் வேலை. பின்னால் ஆன்டிபாடி ஸ்டெய்னில் (குறிப்பிட்ட புரதத்தை நிறத்தால் காட்டும் சோதனையில்) வரும் குழப்பங்களில் பெரும்பங்கு இங்கேதான் விதைக்கப்படுகிறது. ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நுழையும். 18 சென்டிமீட்டர் கட்டியை வெட்டாமல் வாளியில் போட்டு ஒரு இரவு வைத்தால், வெளித்தோல் மட்டும் பதப்பட்டு நடுப்பகுதி அழுகிப் போயிருக்கும். அங்கிருந்து எடுத்த பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுத்துண்டில்) பி53 புரதத்தின் நிறம் வெறுமையாக வரும். அதை மரபணு மாற்றத்தின் அடையாளம் என்று படித்தால் ரிப்போர்ட்டே தப்பாகிவிடும்.

ஆகவே கட்டி வந்தவுடன், வெட்டுவதற்கு முன், மேற்பரப்பை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். கேப்சூல் கிழிந்திருக்கிறதா, மேலே முளைப்புகள் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். கிழிசல் இருந்தால் அறுவை அரங்குக்கே போன் செய்து கேட்க வேண்டும்: அறுவையின்போது கிழிந்ததா, முன்பே கிழிந்திருந்ததா? நோய்நிலைக் கணக்கில் முதலாவது ஐசி1, இரண்டாவது ஐசி2. மேற்பரப்பில் கட்டி இருந்தாலும் ஐசி2. மறுநாள் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சந்தேகமான மேற்பரப்புக்கு மை பூசி, மூன்று அளவுகளையும் எடையையும் எழுதி, படம் எடுத்த பிறகே கத்தி வைக்க வேண்டும்.

நீர்க்கட்டியைத் திறக்கும்போது உள்ளே இருப்பது தெளிந்த நீரா, கோழையா, சாக்லேட் நிறக் குழம்பா என்று எழுதுங்கள். சாக்லேட் குழம்பு எண்டோமெட்ரியோசிஸைச் சுட்டும். அதிலிருந்து முளைப்பவை எண்டோமெட்ரியாய்டும் கிளியர் செல்லும்தான். பிறகு 1 சென்டிமீட்டர் இடைவெளியில் துண்டு போட்டு, துண்டுகளுக்கு நடுவே துணி செருகி, திசுவின் கொள்ளளவைப்போல் பத்து மடங்கு 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் மூழ்கவிடுங்கள். ஹார்மோன் ரிசெப்டருக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் இருந்தால் ஸ்டெய்ன் நம்பும்படி இருக்கும்.

பிளாக் கணக்கு: கட்டியின் அதிகபட்ச அளவில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒன்று. 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மியூசினஸ் கட்டி என்றால் சென்டிமீட்டருக்கு இரண்டு. இது கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கை நிரப்பும் வேலை அல்ல. திடமான இடம், நிறம் மாறிய இடம், சுவரில் தடித்த முடிச்சு, கேப்சூலைத் தொடும் இடம் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் எடுக்க வேண்டும். வழுவழுப்பான மெல்லிய சுவரிலிருந்து பதினைந்து பிளாக் எடுத்துவிட்டு, இரண்டு சென்டிமீட்டர் திட முடிச்சில் ஒரே ஒரு பிளாக் எடுத்திருப்பதைப் பலமுறை பார்க்கலாம்.

கருக்குழாயைத் தனியே கவனிக்க வேண்டும். ஹை கிரேடு சீரஸ் கார்சினோமாவில் கணிசமானவை சினைப்பையில் தொடங்குவதில்லை. குழாயின் விரல் போன்ற நுனியில், ஸ்டிக் எனப்படும் ஒரு மேற்படலப் புண்ணாகத் தொடங்குகின்றன. அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. குழாயைக் கையுறையால் தேய்த்தாலோ காஸ் துணியால் துடைத்தாலோ அந்தப் படலம் உரிந்து போய்விடும். குழாயை முழுதாகச் சில மணி நேரம் பதப்படுத்துங்கள். நுனிப் பகுதி 2 சென்டிமீட்டரை வெட்டியெடுத்து, அதை மட்டும் நீளவாக்கில் நான்காகப் பிளக்க வேண்டும். மீதிக் குழாயை 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்காக வெட்டி, எல்லாவற்றையும் பிளாக்கில் போட வேண்டும். சீ-ஃபிம் முறை என்று சொல்வது இதைத்தான்.

ஓமென்டத்தில் (குடலை மூடும் கொழுப்புத் திரையில்) கட்டி கண்ணுக்குத் தெரிந்தால் ஒன்றிரண்டு பிளாக் போதும். தெரியாவிட்டால் மெல்லிய துண்டுகளாக வெட்டித் தடவிப் பார்த்து நான்கிலிருந்து ஆறு. கீமோ கொடுத்த பிறகு வந்த ஓமென்டம் என்றாலும் அதே நான்கு முதல் ஆறு. கீமோவுக்குக் கட்டி எவ்வளவு கரைந்தது என்று காட்டும் ரெஸ்பான்ஸ் ஸ்கோர் அங்கேதான் படிக்கப்படுகிறது.

முதலில் ஹெச் அண்ட் இ

ஹெச் அண்ட் இ என்ற வழக்கமான நிறமூட்டலில் செய்த ஸ்லைடைச் சின்ன லென்ஸில் வைத்து, ஆன்டிபாடி எதையும் நினைக்காமல் பாருங்கள். நான்கு பேரில் மூன்று பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஹை கிரேடு சீரஸில் பாப்பிலாக்கள் (விரல்போன்ற முளைப்புகள்), கீறல்போன்ற ஒடுக்கமான இடைவெளிகள், திடமான திட்டுகள் எல்லாம் கலந்து வரும். பெரிய லென்ஸில் உட்கருக்களின் அளவு ஒன்றுக்கொன்று மூன்று மடங்குக்கு மேல் மாறும். மைட்டோசிஸ் (செல் பிரிதல்) பத்து ஹை பவர் ஃபீல்டுக்கு 12-ஐத் தாண்டும், அதில் கோணல்மாணலானவையும் இருக்கும். ஏமாற்றுவது இதன் இன்னொரு முகம்: திடமாகவோ, சுரப்பிபோலவோ, சிறுநீர்ப்பைக் கட்டிபோலவோ தோன்றும் வடிவம். செட் பேட்டர்ன் என்பார்கள். பிஆர்சிஏ1 மாற்றம் உள்ளவர்களிடம் இது அடிக்கடி தென்படும், கூடவே லிம்ஃபோசைட்டுகளும் மண்டிக்கிடக்கும். பழைய ரிப்போர்ட்டுகளில் ‘எண்டோமெட்ரியாய்டு கிரேடு 3’ என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இதுதான்.

லோ கிரேடு சீரஸ் என்பது அதன் மென்மையான தம்பி அல்ல; தனி நோய். சீரஸில் கிரேடு 2 என்று ஒன்று இல்லை. உட்கருக்கள் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும், நியூக்ளியோலஸ் சிறியது, மைட்டோசிஸ் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சின்னச் சின்ன பாப்பிலாக்கள் சுற்றிலும் வெற்றிடத்தோடு ஸ்ட்ரோமாவுக்குள் (தாங்கு திசுவுக்குள்) மிதக்கும். சாமோமா பாடிகள் (சுண்ணாம்பு உருண்டைகள்) நிறைய. பக்கத்திலேயே சீரஸ் பார்டர்லைன் கட்டி (ஊடுருவாத இடைநிலைக் கட்டி) இருக்கும். மரபணுவில் கேராஸ், பிராஃப், என்ராஸ் மாற்றங்கள். பி53 சுத்தமாக இருக்கும்.

எண்டோமெட்ரியாய்டில் சுரப்பிகளின் உள்விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல வழுவழுப்பாக, வட்டமாக இருக்கும். ஸ்குவாமஸ் திட்டு (தோல்போன்ற செல்களின் திட்டு) ஒன்றைக் கண்டால் பாதி வேலை முடிந்தது. அதற்காகக் கூடுதலாக இரண்டு பிளாக் போட்டாலும் தவறில்லை. அருகே எண்டோமெட்ரியோசிஸோ அடினோஃபைப்ரோமாவோ இருந்தால் இன்னும் உறுதி.

கிளியர் செல்லைப் பெயரை வைத்து நம்பாதீர்கள். தெளிந்த சைட்டோபிளாசம் ஹை கிரேடு சீரஸிலும் வரும், சுரப்பு மாற்றம் அடைந்த எண்டோமெட்ரியாய்டிலும் வரும், கீமோவுக்குப் பிறகு எதிலும் வரும். நோயின் உண்மையான அடையாளம் அமைப்பில் இருக்கிறது: குழல்களும் நீர்க்குமிழ்களும் உருண்டையான குட்டைப் பாப்பிலாக்களும் திடத்திட்டும் ஒரே ஸ்லைடில் கலந்திருக்கும். பாப்பிலாவின் நடுத்தண்டு இளஞ்சிவப்பாகக் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். உள்ளே நோக்கி ஆணித்தலைபோல் துருத்தும் ஹாப்நெயில் செல்கள் தெரியும். உட்கரு கரடுமுரடாக இருந்தாலும் மைட்டோசிஸ் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. பத்து ஃபீல்டில் பதினைந்து மைட்டோசிஸ் எண்ணினால் ‘கிளியர் செல்’ என்று எழுதும் முன் பேனாவை நிறுத்துங்கள்.

மியூசினஸுக்குப் பின்னால் தனியாக வருவோம்.

நான்கு ஆன்டிபாடி, ஒரு வரிசை

எல்லா லேபிலும் முப்பது ஆன்டிபாடி வாங்கி வைக்க முடியாது, தேவையும் இல்லை. டபிள்யூடி1, பி53, நாப்சின் ஏ, பிஆர் (புரோஜெஸ்டிரோன் ரிசெப்டர்) ஆகிய நான்கும் இருந்தால் இந்த ஐந்து வகைகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்துவிடலாம். கட்டி சினைப்பை அல்லது கருக்குழாயிலிருந்து வந்ததுதான் என்பது முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். அது ஒன்றே நிபந்தனை. பாக்ஸ்8 என்ற இன்னொரு ஆன்டிபாடி அதற்குத்தான் உதவுகிறது.

முதல் கேள்வி டபிள்யூடி1. உட்கருவில் பரவலாகப் பாசிட்டிவ் என்றால் சீரஸ். அடுத்து பி53: அசாதாரணம் என்றால் ஹை கிரேடு, இயல்பு என்றால் லோ கிரேடு. டபிள்யூடி1 நெகட்டிவ் என்றால் நாப்சின் ஏ பாருங்கள்; சைட்டோபிளாசத்தில் துகள்துகளாகப் பாசிட்டிவ் என்றால் கிளியர் செல். அதுவும் நெகட்டிவ் என்றால் பிஆர்: பாசிட்டிவ் என்றால் எண்டோமெட்ரியாய்டு. பிஆரும் நெகட்டிவ் என்றால் மியூசினஸாக இருக்கலாம், ஆனால் அதற்கு மேல் ஹெச் அண்ட் இ-யும் ஸ்கேனும் சொன்னால்தான்.

இந்த வரிசை சறுக்கும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். எண்டோமெட்ரியாய்டில் பத்தில் ஒன்றிரண்டு டபிள்யூடி1 காட்டும். அப்போது ஸ்குவாமஸ் திட்டு, பிஆர், இயல்பான பி53 மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். டபிள்யூடி1 ஆன்டிபாடி அமினோ முனையைப் பிடிக்கும் குளோன், 6எஃப்-ஹெச்2 போன்றது, என்பதை உறுதிசெய்யுங்கள். உட்கருவில் விழும் நிறம் மட்டுமே கணக்கு. ரத்தக்குழாய்ச் சுவரில் சைட்டோபிளாச நிறம் இயல்பு. நாப்சின் ஏ சில கிளியர் செல்லில் இருக்காது, சில எண்டோமெட்ரியாய்டில் எட்டிப்பார்க்கும், நுரையீரல் அடினோகார்சினோமாவிலும் நன்றாக வரும். ஹெச்என்எஃப்1 பீட்டாவை மட்டும் நம்பிக் கிளியர் செல் என்று எழுதுவது ஆபத்து. அது மற்ற வகைகளிலும் தாராளமாக வரும்.

பி53: அதிகம் தப்பாகப் படிக்கப்படும் ஸ்டெய்ன்

பி53 ‘பாசிட்டிவ்’ அல்லது ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். அந்த இரண்டு சொற்களும் இங்கே பொருளற்றவை. படிக்க வேண்டியது நான்கு கோலங்கள்.

இயல்பான கோலத்தில் சில செல்கள் அடர்த்தி, சில மங்கல், சில வெறுமை என்று கலவையாக இருக்கும். பெருகும் வேகம் கூடிய கட்டியில் இயல்பான பி53-கூட எழுபது சதவீதச் செல்களில் தெரியும். ஆனால் அடர்த்தி ஒரே சீராக இருக்காது. அதைப் பார்த்துப் பயந்து ‘மாற்றம்’ என்று எழுதுவது வழக்கமான முதல் தவறு.

இரண்டாவது, மிகைக் கோலம்: 80 சதவீதத்துக்கும் மேலான உட்கருக்களில் ஒரே சீரான கன்னங்கரிய நிறம். மூன்றாவது, வெறுமைக் கோலம்: கட்டிச் செல்லில் துளி நிறமும் இல்லை, ஆனால் அதே ஃபீல்டில் ஸ்ட்ரோமா செல்லும் லிம்ஃபோசைட்டும் ரத்தக்குழாய் உள்படலச் செல்லும் மங்கலாக நிறம் எடுத்திருக்கின்றன. நான்காவது, அரிதான சைட்டோபிளாசக் கோலம்: சைட்டோபிளாசம் முழுக்கப் பழுப்பு, உட்கருவில் கூடுதல் குறைவாக. இந்த மூன்றும் அசாதாரணம். ஹை கிரேடு சீரஸில் டிபி53 மரபணு மாற்றம் 96 சதவீதத்தில் இருப்பதாக 2011-இல் வெளியான புற்றுநோய் ஜீனோம் அட்லஸ் ஆய்வு காட்டியது. இந்த மூன்று கோலங்களில் ஒன்று தெரியாவிட்டால் உங்கள் வகைப்பாட்டை மறுபடி யோசிக்க வேண்டும்.

வெறுமைக் கோலம்தான் லேபின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். அருகிலுள்ள இயல்பு செல்லும் நிறம் எடுக்கவில்லை என்றால் அது கோலம் அல்ல, தோற்றுப்போன ஸ்டெய்ன். காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்: பதப்படாத நடுப்பகுதி, ஆன்டிஜன் ரிட்ரீவல் (ஃபார்மலின் மறைத்த புரதத்தைச் சூட்டால் வெளிக்கொணர்வது) போதாமை, ஆன்டிபாடியை மிச்சம் பிடிக்கக் கூடுதலாக நீர்க்கச் செய்தது, வெட்டி மாதக்கணக்கில் கிடந்த ஸ்லைடு. கடைசியதற்கு மருந்து எளிது: புதிதாக வெட்டுங்கள்.

செய்முறை: 3 முதல் 4 மைக்ரான் தடிமனில் சார்ஜ்டு ஸ்லைடில் எடுத்து, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடவைத்து ஒட்டவிடுங்கள். பாரஃபினை முழுதாக நீக்கி, பிஎச் 9 ட்ரிஸ்-ஈடிடிஏ கரைசலில் சூடேற்றி ரிட்ரீவல் செய்யுங்கள். பிரஷர் குக்கர் பயன்படுத்தினால் கரைசல் தானாக ஆறும்வரை பொறுக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே ஸ்லைடைக் குளிர்நீரில் போட்டால் திசு உரிந்து வரும். ஹைட்ரஜன் பெராக்சைடால் உள்ளார்ந்த பெராக்சிடேஸை அடக்கி, டிஓ-7 குளோன், பிறகு பாலிமர், பழுப்பு நிறம் தரும் டிஏபி, கடைசியில் லேசான ஹீமட்டாக்சிலின். ஹீமட்டாக்சிலின் கனத்துவிட்டால் மங்கலான பழுப்பு மறைந்து, இயல்புக் கோலம் வெறுமைபோலத் தெரியும். இதைக் கவனிக்காத லேபுகள் ஏராளம்.

கட்டுப்பாட்டுக்கு ஒரு துண்டு இயல்பான கருக்குழாய் போதும். அதில் டபிள்யூடி1, பாக்ஸ்8, ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்), பிஆர் எல்லாம் எபிதீலியத்தில் நிறம் எடுக்கும். பி53 இயல்புக் கோலத்தில் வரும். வேறு காரணத்துக்காகக் கருப்பை எடுத்த ஸ்பெசிமனிலிருந்து சேர்த்து வைத்த பிளாக் ஒன்று வருடக்கணக்கில் வரும். நாப்சினுக்கு மட்டும் நுரையீரலோ சிறுநீரகமோ தனியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று: பி53 அசாதாரணம் என்பதால் மட்டும் ஹை கிரேடு சீரஸ் ஆகிவிடாது. மியூசினஸ் கார்சினோமாவில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்த மாற்றம் உண்டு. எண்டோமெட்ரியாய்டில் ஒரு பகுதியிலும் உண்டு. டபிள்யூடி1 இல்லாமல் பி53-ஐத் தனியாகப் படிக்கக் கூடாது.

மியூசினஸ்: சினைப்பையில் பிறந்ததா, வந்து தங்கியதா?

சினைப்பையில் பார்க்கும் மியூசினஸ் கார்சினோமாக்களில் கணிசமானவை குடல், அப்பெண்டிக்ஸ், கணையம், பித்தக்குழாய், இரைப்பை, கருப்பைக் கழுத்து ஆகியவற்றிலிருந்து பரவியவை. ஆகவே கேள்வியைத் தலைகீழாகப் போடுங்கள்: வேறிடம் இல்லை என்று நிரூபணமான பிறகே முதன்மை என்று எழுத வேண்டும்.

2003-இல் சைட்மேனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு எளிய விதி சொன்னார்கள். இரண்டு பக்கமும் இருந்தால் எந்த அளவாயினும் பரவியது. ஒரு பக்கம் மட்டும், 10 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் பரவியது. ஒரு பக்கம், 10 சென்டிமீட்டரோ மேலோ என்றால் முதன்மை. பிற்பாடு எல்லையை 13 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் இன்னும் நன்றாகப் பிரிகிறது என்று காட்டினார்கள். நல்ல விதிதான். ஆனால் பெருங்குடல், அப்பெண்டிக்ஸ், கருப்பைக் கழுத்து ஆகிய மூன்று இடத்துக் கட்டிகள் ஒரு பக்கத்தில் பூசணி அளவுக்கு வளர்ந்து விதியை உடைக்கும்.

ஸ்லைடில் பரவிய கட்டியின் சாயல்: சினைப்பை மேற்பரப்பில் கட்டி, முடிச்சு முடிச்சான வளர்ச்சி, ரத்தக்குழாய்க்குள் கட்டி, சிக்னெட் ரிங் செல்கள். பெருங்குடலாக இருந்தால் சுரப்பி மாலைபோல் வளைந்து, நடுவே அழுக்கு நெக்ரோசிஸ் (செத்த செல் குப்பை). முதன்மை என்றால் பினைன், பார்டர்லைன், கார்சினோமா என்று படிப்படியாக மாறும் பின்னணி தென்படும். ஆனால் கணையக் கட்டி பரவி வந்து அச்சு அசலாக அதே படிகளை நடித்துக் காட்டும். அந்தப் பின்னணியைப் பார்த்தே முதன்மை என்று முடிவுகட்டாதீர்கள்.

ஆன்டிபாடி: சிகே7 பரவலாக, சிகே20 அங்கங்கே, சாட்பி2 நெகட்டிவ் என்றால் சினைப்பைக்குச் சாதகம். சிகே20-யும் சிடிஎக்ஸ்2-வும் சாட்பி2-வும் பரவலாக, சிகே7 இல்லை என்றால் பெருங்குடல் அல்லது அப்பெண்டிக்ஸ். இதில் ஒரு பொறி: டெரட்டோமாவிலிருந்து முளைத்த மியூசினஸ் கட்டியும் இதே முகத்தைக் காட்டும். முடி, தோல், குருத்தெலும்பு ஏதாவது கட்டியில் இருக்கிறதா என்று மறுபடி போய்ப் பாருங்கள். கருப்பைக் கழுத்திலிருந்து வந்ததில் பி16 இடைவெளியின்றித் தடிமனாக வரும், ஹெச்பிவி பாசிட்டிவ் ஆகும். கணையத்தைச் சினைப்பையிலிருந்து சிகே7-உம் 20-உம் பிரிக்காது; எஸ்மேட்4 நிறம் காணாமல் போனால் கணையத்துக்கு வலு, ஆனால் பாதிக் கணையக் கட்டிகளில் அது இருக்கும். இரைப்பையைப் பிரிக்கவும் நம்பகமான ஒற்றை ஆன்டிபாடி கிடையாது. அங்கே எண்டோஸ்கோபியும் சிடி ஸ்கேனும்தான் பேசும். ரிப்போர்ட்டில் அதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

வயிறு முழுக்கக் கோழையாக இருந்தால் அப்பெண்டிக்ஸ் முழுவதையும் பிளாக்கில் போட வேண்டும். கண்ணுக்கு இயல்பாகத் தெரிகிறது என்பது காரணம் ஆகாது. சினைப்பைதான் மூலம் என்ற முடிவு இங்கே மிக அரிதாகத்தான் சரியாகும்.

முதன்மை என்று உறுதியான பிறகு ஊடுருவல் எப்படி என்று எழுத வேண்டும். சுரப்பிகள் ஸ்ட்ரோமாவே இல்லாமல் நெருக்கியடித்து விரிவது ஒரு வகை. தாறுமாறாக ஸ்ட்ரோமாவைக் கிழித்து நுழைவது இன்னொரு வகை. பின்னது மோசம், பரவியதுபோலவே தோன்றும் என்பதால் இரட்டைச் சந்தேகமும் வேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மைக்ரோஇன்வேஷன்.

ஃப்ரோஸன் செக்ஷனில் (அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் சோதனையில்) இந்தக் கட்டிகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 25 சென்டிமீட்டர் கட்டியில் இரண்டு துண்டு பார்த்துவிட்டு ‘பார்டர்லைன்’ என்றால், மறுநாள் மூன்றாவது துண்டில் கார்சினோமா இருக்கும். ‘குறைந்தபட்சம் பார்டர்லைன்; அப்பெண்டிக்ஸைப் பார்க்கவும்’ என்று சொல்வது நேர்மை, உதவியும்கூட.

ஐந்தில் ஒன்றாக இல்லாதபோது

நான்கு ஆன்டிபாடியும் ஒத்துவராவிட்டால், கட்டி இந்த ஐந்தில் இல்லையோ என்று கேளுங்கள். ஈஆர், பிஆர், டபிள்யூடி1 மூன்றும் நெகட்டிவ், பி53 இயல்பு, காட்டா3 அல்லது டிடிஎஃப்1 பாசிட்டிவ், சுரப்பிக்குள் இளஞ்சிவப்புத் திரவம் என்றால் மீசோநெஃப்ரிக்-லைக் அடினோகார்சினோமா. 2020-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இடம்பெற்றது. எண்டோமெட்ரியாய்டு கிரேடு 1 என்று எழுதப்பட்டு, பிறகு எதிர்பாராமல் நுரையீரலுக்குப் பரவி அதிரவைக்கும் கட்டி.

எண்டோமெட்ரியாய்டு சில சமயம் கிரானுலோசா செல் கட்டி வேஷம் போடும். ஈஎம்ஏ-வும் சிகே7-உம் பாசிட்டிவ், இன்ஹிபின் நெகட்டிவ் என்றால் எண்டோமெட்ரியாய்டு. திருப்பிப் போட்டால் கிரானுலோசா. வயதுவந்தோர் வகை என்றால் ஃபாக்ஸ்எல்2 மாற்றம் உறுதிசெய்யும். இருபதுகளில் உள்ள பெண்ணுக்குச் சிறிய நீலச் செல் கட்டியும் ரத்தத்தில் கால்சியம் கூடுதலும் என்றால் ஸ்மார்கா4 போடுங்கள். நிறம் காணாமல் போயிருந்தால் அது ஹைப்பர்கால்சீமிக் வகை ஸ்மால் செல் கார்சினோமா, டபிள்யூடி1 பாசிட்டிவ் என்பதை நம்பிச் சீரஸ் என்று எழுதிவிடாதீர்கள். இளம்பெண்ணிடம் ‘கிளியர் செல்’ போலத் தெரிந்தால் யோக் சாக் கட்டியை நினையுங்கள்: சால்4 பாசிட்டிவ், சிகே7-உம் ஈஎம்ஏ-வும் நெகட்டிவ். மார்பகத்திலிருந்து பரவியதில் காட்டா3 இருக்கும், பாக்ஸ்8 இருக்காது. ஈஆர் இரண்டிலும் வரும் என்பதால் அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

வயிற்று நீர் மட்டும் வந்தால்

அறுவைக்கு முன் கீமோ தொடங்கும் நோயாளிகளுக்குப் பல சமயம் வயிற்று நீர் மட்டுமே லேபுக்கு வரும். ஸ்மியரோடு நிறுத்தாமல் செல் பிளாக் செய்யுங்கள். நீரைச் சுழற்றி வண்டலை எடுத்து, அதில் இரண்டு சொட்டு பிளாஸ்மாவும் இரண்டு சொட்டு திராம்பினும் விட்டால் ஒரு நிமிடத்தில் உறையும். அதை ஃபில்டர் பேப்பரில் மடித்து ஃபார்மலினில் போடுங்கள். ஆல்கஹாலில் பதப்படுத்தினால் உங்கள் ஆன்டிபாடிகள் ஃபார்மலின் திசுவுக்குச் சரிபார்க்கப்பட்டவை என்பதால் முடிவு மாறலாம். பாக்ஸ்8, டபிள்யூடி1, பி53, கூடவே கால்ரெடினின். டபிள்யூடி1 மீசோதீலியச் செல்லிலும் (வயிற்றறையின் உட்படலச் செல்லிலும்) பாசிட்டிவ் என்பதை மறக்க வேண்டாம். பாக்ஸ்8-உம் கிளாடின்4-உம்தான் கார்சினோமாவைப் பிரித்துக் காட்டும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: வயிற்று நீர், ஓமென்டம் தடிப்பு, சிஏ-125 ஏற்றம் மூன்றும் வயிற்றுக் காசநோயிலும் அப்படியே வரும். பயாப்ஸியில் கட்டி தெரியாமல் கிரானுலோமா தெரிந்தால் காசநோய்க் கிருமியைக் காட்டும் ஏஎஃப்பி ஸ்டெய்ன் போடுங்கள்.

கீமோவுக்குப் பிறகு வந்த ஸ்பெசிமனில் வகையை முடிவுசெய்யாதீர்கள். உட்கரு விகாரமாகும், சைட்டோபிளாசம் நுரைத்துத் தெளியும், எல்லாமே கிளியர் செல்போல் தெரியும். முன்பு எடுத்த பயாப்ஸியை வரவழைத்து அதில் பாருங்கள். பி53-உம் டபிள்யூடி1-உம் பெரும்பாலும் மாறாமல் நிற்பதால் இங்கே துணைக்கு வரும். ரெஸ்பான்ஸ் ஸ்கோர் ஹை கிரேடு சீரஸுக்கு மட்டும் உரியது: ஓமென்டத்தில் கட்டி ஏறக்குறைய அப்படியே இருந்தால் 1, பாதிப்பு தெரிந்தும் கட்டி எளிதாகக் கண்ணில் பட்டால் 2, எதுவும் இல்லாமலோ 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத சிதறல்கள் மட்டுமோ இருந்தால் 3.

ரிப்போர்ட்டில்

வகையைச் சுருக்காமல் முழுப்பெயரில் எழுதுங்கள். கிரேடு எண்டோமெட்ரியாய்டுக்கு உண்டு: ஸ்குவாமஸ் தவிர்த்த திடப்பகுதி 5 சதவீதம் வரை 1, 50 வரை 2, மேலே 3. ஹை கிரேடு சீரஸுக்கும் கிளியர் செல்லுக்கும் எண் போடத் தேவையில்லை. மூலம் எங்கே என்று எழுதுங்கள்: ஸ்டிக் இருந்தாலோ குழாயின் உட்படலத்தில் கட்டி இருந்தாலோ கருக்குழாய். பி53-க்குக் கோலத்தின் பெயர். ஹார்மோன் ரிசெப்டருக்குச் சதவீதமும் அடர்த்தியும். எண்டோமெட்ரியாய்டிலும் கிளியர் செல்லிலும் டிஎன்ஏ பிழையைத் திருத்தும் புரதங்களான எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 நான்கையும் போட்டு, எது காணாமல் போனது என்று எழுத வேண்டும். எம்எல்ஹெச்1 போனால் பிஎம்எஸ்2-வும் சேர்ந்து போகும். அது இரண்டு குறை அல்ல, ஒரே குறை.

கட்டிச் செல் அதிகமாகவும் நெக்ரோசிஸ் குறைவாகவும் உள்ள ஒரு பிளாக்கின் எண்ணை ரிப்போர்ட்டின் அடியிலேயே குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து பிஆர்சிஏ-வுக்கோ ஹெச்ஆர்டி (டிஎன்ஏ பழுதுநீக்கக் குறைபாடு) சோதனைக்கோ பிளாக் கேட்டு வரும்போது, இருபத்திரண்டு ஸ்லைடையும் மறுபடி எடுத்துப் பார்க்கும் வேலை மிச்சம்.